சறுக்குமரத்துக்கு எந்த வண்ணம்?

ஹெப்பகோடிச் சிறுவர் பூங்கா ஒன்றுக்கு வண்ணம் பூச நம் மன்றத்தார் முடிவு செய்தபோது, "பக்கத்துப் பொம்மசந்திரத் தொழிற்பேட்டையில் மிஞ்சிய பூச்சு இலவசமாகவே கிடைக்குமே!" என்றார் நண்பர் ஒருவர். வேண்டாம் என்றேன். ஏன்?

பளிச்சிடும் மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் கலந்திருக்கக்கூடும். உரிந்த துகள் விரல்வழி வாய்க்குச் சென்றால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். வீட்டுப் பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது 2017 நவம்பர் முதல் நம் நாட்டு விதி. டப்பாவின் மேலும் அதனைக் குறிக்க வேண்டும். ஆலைப் பூச்சுக்கோ அவ்விதி இல்லை.

வெயிலில் இரும்பு சுடும். கருநிறம் பூசினால் இன்னும் சுடும். ஆகவே சறுக்குமரத்துக்கு வெளிர்நிறமும் புங்கமர நிழலும், குதிக்கும் இடத்துக்கு மணலும் வேண்டும்.

நண்பர்களே, பணம் திரட்டுவோம். டப்பாவைப் படித்து வாங்குவோம். இலவசத்தின் விலையைக் குழந்தை கொடுக்கலாமா?