காப்பாற்ற முடியாதவரை யார் பார்ப்பது?

போர்க்களத்தில் நோய் ஆதரவு சிகிச்சை (பேலியேடிவ் கேர்) பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆண்டிபட்டியில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் நண்பரிடம் சொன்னேன். "குண்டு விழுற இடத்துல ஆபரேஷன் பண்ணவே ஆள் இருக்காது மாப்ள, அங்க போய் வலி மருந்தா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர்காரன். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தேட நம் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது: 2009-ன் வன்னி.

முதலில் நோய் ஆதரவு சிகிச்சை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை என்றார். பயம், குடும்பக் கவலை, மனச்சுமை எல்லாம் சேர்ந்த மொத்த வலியை அவர் பேசினார். நோயைக் குணமாக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும், அந்த மொத்த வலியைக் குறைப்பதுதான் இந்தச் சிகிச்சை. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம் இதைக் கேரளத்தின் வீடுகளுக்குக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இது உண்டு. ஆனால் இந்தச் சொல்லைக் கேட்டால் நம் மனதில் வருவது புற்றுநோயாளியோ படுக்கையில் கிடக்கும் முதியவரோதான். குண்டடி பட்டவர் வருவதில்லை.

இப்போது வன்னிக்கு வருவோம். 2008 செப்டம்பரில் இலங்கை அரசின் உத்தரவுப்படி ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் அங்கிருந்து வெளியேறின. செஞ்சிலுவைச் சங்கம் இருந்தது. மற்றபடி மிஞ்சியவர்கள் உள்ளூர் அரசு மருத்துவர்கள், தாதியர், தொண்டர்கள். சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா போன்ற மருத்துவர்களின் பெயர்கள் அப்போது செய்திகளில் அடிக்கடி வந்தன. புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது ஷெல் விழ, 2009 பிப்ரவரி தொடக்கத்தில் அங்கிருந்த நோயாளிகளைப் புதுமாத்தளனுக்கு மாற்றினார்கள். அதன்பின் முள்ளிவாய்க்கால். மயக்க மருந்தும் இரத்தமும் போதாமல் அறுவை சிகிச்சைகள் நடந்தன. பிப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாக 13,000-க்கும் அதிகமானோரை, காயமுற்றோரும் உடன் வந்தோருமாக, வெளியேற்றியது. மார்ச்சில் இந்திய அரசு புல்மோட்டையில் ஒரு கள மருத்துவமனை அமைத்தது.

கப்பலில் ஏற்ற முடியாதவர்கள்? நண்பர் கேட்ட கேள்வி இங்கேதான் திரும்ப வருகிறது.

பெருங்கூட்டமாகக் காயம்பட்டவர்கள் வரும்போது மருத்துவர்கள் வரிசை பிரிப்பார்கள். உடனே செய்தால் பிழைப்பவர், கொஞ்சம் காத்திருக்கலாம் என்பவர், என்ன செய்தாலும் பிழைக்க மாட்டார் என்பவர். இருக்கிற மருந்தையும் ஆளையும் வைத்து அதிகம் பேரைக் காப்பாற்ற இந்தக் கணக்கு தேவைதான். சிக்கல் மூன்றாவது வரிசையில். பல நேரம் அந்த வரிசைக்கு "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றே அர்த்தமாகிவிடுகிறது. அந்த மனிதர் சாக ஐந்து நிமிடமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அதுவரை அவருக்கு வலிக்கும், தாகமெடுக்கும், அம்மாவைத் தேடும்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, பேரிடரிலும் போரிலும் வலி தணிப்பைச் சேர்த்தே செய்ய வேண்டும் என்கிறது. அதே ஆண்டு வந்த ஸ்பியர் கையேடு, நிவாரணப் பணியின் குறைந்தபட்சத் தரங்களில் நோய் ஆதரவு சிகிச்சையையும் வைத்தது. 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3-வது பிரிவு, உள்நாட்டுப் போரிலும் காயமுற்றோரைச் சேகரித்துப் பராமரிக்கச் சொல்கிறது. பிழைக்கக்கூடியவரை மட்டும் என்று அதில் இல்லை.

சரி, மருந்து? மார்ஃபின் விலை குறைந்த, பழைய மருந்து. ஆனால் 2017-ல் வந்த லான்செட் ஆணைய அறிக்கையின்படி, ஆண்டுக்கு உலகில் விநியோகமாகும் 298.5 டன் மார்ஃபின் வகை மருந்தில் ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். போர் வந்ததும் இது தலைகீழாக மாறிவிடாது. அமைதிக் காலத்திலேயே அலமாரியில் இல்லாத மருந்து ஷெல் விழும்போது எங்கிருந்து வரும்? இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் வலி மருந்து கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 2014 திருத்தம் உரிம நடைமுறையை எளிதாக்கியது. இத்தனைக்கும் சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு நம்முடையது.

ஆகவே நோய் ஆதரவு சிகிச்சை நிபுணரின் கடமை போர்க்களத்துக்கு ஓடிப்போவது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். வன்னி காட்டுவது இதுதான்: வெளியாட்கள் போய்விடுவார்கள், வேலையைச் செய்வது அங்கே ஏற்கனவே இருப்பவர்தான். அந்தப் பொது மருத்துவருக்கும் நர்ஸுக்கும் மார்ஃபின் அளவு, மூச்சுத்திணறலைத் தணிப்பது, சாகப்போகிறவரின் வீட்டாரிடம் பேசுவது எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் பொறுப்பு நிபுணர்களுடையது. மருந்தைக் கையிருப்பில் வைக்கச் சொல்லி அரசிடம் சண்டை போடுவதும் அவர்கள் வேலைதான்.

இரண்டாவது கடமை சாட்சி சொல்வது. இது ஆபத்தானது. வன்னி மருத்துவர்கள் தொலைபேசியில் உலகத்துக்கு நிலைமையைச் சொன்னார்கள். மே மாதம் கைதானார்கள். ஜூலையில், காவலில் இருந்தபடியே, தாங்கள் சொன்ன எண்ணிக்கை மிகை என்று பத்திரிகையாளர்கள் முன் சொன்னார்கள். 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. மருத்துவமனைகள் தாக்கப்பட்டதையும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் அதே அறிக்கை பதிவு செய்தது. உள்ளே இருப்பவர் பேசினால் இந்தக் கதி என்றால், வெளியே பத்திரமாக இருக்கும் மருத்துவச் சங்கங்கள் அவருக்காகப் பேச வேண்டும். அந்தக் கடமைக்கு விசா தேவையில்லை.

மூன்றாவது கடமைக்குக் காலக்கெடு கிடையாது. இழந்த காலில் இன்னும் வலிக்கிறது என்று சொல்பவருக்கு அது கற்பனை இல்லை, நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் நிஜமான வலி. உடலில் தங்கிவிட்ட ஷெல் துண்டுகள் உண்டு. காணாமல் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி முதல் போராட உட்கார்ந்த அம்மாக்கள் உண்டு. துக்கத்தைக்கூட முடிக்க முடியாத நிலை அது. சாண்டர்ஸ் சொன்ன மொத்த வலிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மருத்துவர்கள் எல்லாரும் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் "இவருக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் அவர்கள் மருத்துவக் கல்லூரியிலேயே விட்டுவிட வேண்டும். பிழைக்க வைக்க முடியாதவருக்கும் ஒரு ஊசி, ஒரு வாய் தண்ணீர், கையைப் பிடிக்க ஒரு ஆள் தேவை. அதைத் தர ஆளும் மருந்தும் இருக்குமா என்பது போருக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.