மறைந்த எல்லைக் கற்களை மீண்டும் நாட்டுதல்

உழவருக்கு நிலம் எவ்வளவு முக்கியமோ, அந்நிலத்தின் எல்லையும் அவ்வளவு முக்கியமாகும். வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் அண்ணன் தம்பிக்குள் பகை மூளுகிறது. பகை வழக்காகிறது, வழக்கோ தலைமுறை கடந்தும் தீராமல் விளைச்சலில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. குளத்தின் எல்லைக் கல் மறைந்தால், இழப்பு ஊர் முழுவதற்கும் ஆகும். ஆகவே, மறைந்துபோன அளவைக் கல்லின் இடத்தைக் கணினியின் துணையால் எவ்வாறு கண்டறிவது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

திருவேற்காட்டையும் பூவிருந்தவல்லியையும் அடுத்த நூம்பல் போன்ற ஊர்களில் இத்தேவை மிகுதி. முன்பு வயலாக இருந்த புலங்கள் பல இன்று மனைகளாகிவிட்டன. மண் கொட்டி மேடாக்கும்போதும், சாலையை அகலப்படுத்தும்போதும், சுற்றுச்சுவருக்குக் கடைகால் தோண்டும்போதும் கற்கள் புதைந்தோ பெயர்ந்தோ போகின்றன. வயலாக இருந்தவரை வரப்பாவது எல்லையைச் சொல்லும். மனையான பின் அச்சாட்சியும் இல்லை. நகரம் நெருங்கிவரும் ஒவ்வொரு கிராமத்திற்கும் இந்நிலை நாளை வரக்கூடும்.

கல் போனாலும் அளவு போவதில்லை

கல் காணாமற் போனாலும் அதன் அளவு அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. எப்.எம்.பி. என்று நாம் வழக்கமாகக் கூறுவது இதனையே. புலத்தின் மூலைக் கற்கள், ஒரு கல்லிலிருந்து மற்றொரு கல்லுக்குள்ள தூரம், புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் ஜி கோடுகள், அக்கோடுகளிலிருந்து எல்லையின் வளைவுகளுக்குச் செங்குத்தாக எடுத்த அளவுகள் ஆகிய யாவும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

முக்கோணத்தால் அளக்கும் முறை நம் பகுதிக்குப் புதியதன்று. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன், பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதனை ஆதாரமாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அமைத்து, பின்னர் நாடு முழுவதும் அளக்கப்பட்டது. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் மாறாது என்பதே அதன் அடிப்படை. காணாமற் போன கல்லைக் கண்டுபிடிப்பதும் இதே அடிப்படையில்தான்.

ஓர் உதாரணம்

ஒரு புலத்தில் அ, ஆ என்னும் இரு கற்கள் உள்ளன. இ என்னும் கல் மறைந்துவிட்டது. புலப்படத்தின்படி அ–ஆ தூரம் 100 மீட்டர். அ கல்லிலிருந்து அக்கோட்டின்மேல் 40 மீட்டர் சென்று, இடப்புறம் செங்குத்தாக 30 மீட்டர் சென்றால் இ கல் கிடைக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், இ கல் அ கல்லிலிருந்து 50 மீட்டரிலும், ஆ கல்லிலிருந்து 67.08 மீட்டரிலும் இருத்தல் வேண்டும். இவ்விரு தூரங்களும் அப்பக்கத்தில் சந்திக்கும் இடமே கல்லின் இடம்.

ஒரு கல் மறைந்தால் நாடாவும் சங்கிலியும் போதும். நான்கைந்து கற்கள் மறைந்து, இடையில் வீடுகளும் எழுந்துவிட்டால் நேர்க்கோட்டில் அளக்க வழியில்லை. இங்குதான் கணினி உதவுகிறது. தமிழ்நாட்டில் தேசியத் தகவலியல் மையத்தின் ‘கொலாப்லேண்ட்’ மென்பொருளைக் கொண்டு புலப்படங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. எஞ்சியுள்ள கற்களின் அமைவிடத்தை, கார்ஸ் எனப்படும் ஆதார நிலையங்களின் துணையுடன் இயங்கும் ‘ரோவர்’ கருவியால் சில சென்டிமீட்டர் நுட்பத்தில் அளக்கலாம். பிறகு மென்பொருள், புலப்படத்தைத் திருப்பியும் நகர்த்தியும் அக்கற்களின்மேல் பொருத்துகிறது. பொருந்தியதும் மறைந்த கற்கள் இருக்கவேண்டிய இடங்கள் தாமே புலப்படும். கருவியைக் கொண்டு அவ்விடங்களை நிலத்தில் குறித்துவிடலாம்.

கவனிக்கவேண்டியவை

மென்பொருள் கணக்கைத் தவறின்றிச் செய்யும். ஆனால் நாம் கொடுக்கும் கல் உண்மையான கல்லா என்பதை அது அறியாது. இரண்டு கற்களை மட்டும் நம்பிப் படத்தைப் பொருத்தினால், அவற்றிடையே உள்ள தூரத்தைத் தவிர வேறெதையும் சோதிக்க இயலாது. இரண்டுமே ஒரே பக்கமாக நகர்த்தப்பட்டிருந்தால் தூரம் சரியாகவே இருக்கும். எல்லை மட்டும் தவறிவிடும். மூன்றாவது, நான்காவது கற்களையும் சேர்த்தால், ஒத்துவராத கல் எது என்பது வெளிப்படும். ஆகையால் பக்கத்துப் புலங்களின் கற்களையும், கிராம எல்லைக் கற்களையும் தேடிச் சேர்ப்பது அவசியம்.

அளவின் அலகிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய படங்கள் சில லிங்க் கணக்கில் உள்ளன. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். 500 லிங்க் என்பது 100.58 மீட்டர். இதனை 20 மீட்டர் சங்கிலியாக எண்ணிக்கொண்டால் 100 மீட்டர்தான் வரும். 58 சென்டிமீட்டர் அயலாரிடம் போய்விடும்.

கணக்கு ஓரிடத்தைக் காட்டியதும் உடனே புதுக் கல்லை நட்டுவிடலாகாது. முதலில் அங்கு தோண்டிப் பார்க்க வேண்டும். பழைய கல் தன் இடத்திலேயே புதைந்திருந்தால், கணக்கைவிட அக்கல்லே சிறந்த சாட்சி. கைப்பேசியில் தெரியும் வரைபடத்தைக் கொண்டு எல்லை பேசுவதும் தகாது. அதில் சில மீட்டர் பிழை இயல்பாகவே நேரும்.

நமது கடமை

1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், தம் நிலத்தின் அளவைக் கற்களைப் பேணும் பொறுப்பைப் பட்டாதாரர் மீது சுமத்துகிறது. கல் மறைந்திருப்பின், நில அளவை கோரி வட்டாட்சியர் அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ மனுச் செய்யலாம். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்தார் உடனிருப்பது முக்கியம். எல்லோர் கண் முன்னும் நட்ட கல்லைப் பின்னர் எவரும் எளிதில் மறுக்கமாட்டார். அளவு ஒன்று; உரிமை மற்றொன்று. கல் நிற்கவேண்டிய இடத்தை நில அளவர் காட்டுவார். நிலம் யாருக்குரியது என்னும் வழக்கை நீதிமன்றமே தீர்க்கும்.

பஞ்சாயத்துகள் ஒன்று செய்யலாம். குளம், ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால் ஆகியவற்றின் புலப்படங்களைப் பெற்று, ஆண்டுக்கொருமுறை கோடைகாலத்தில், நீர் வற்றியிருக்கும்போது, கிராம நிர்வாக அலுவலருடன் சென்று கற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லாத கற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை மீண்டும் நாட்ட வட்டாட்சியருக்கு எழுத வேண்டும். ஒரு கல் மறைந்த ஆண்டிலேயே அதன் இடத்தைக் காண்பது எளிது. சுற்றியுள்ள கற்கள் யாவும் மறைந்த பின் எந்தக் கருவிக்கும் அது அரிது. இன்று நிற்கும் கற்களைக் காப்பதே நாளை மறையும் கற்களைக் கண்டறியும் வழியாகும்.