கையில் இருந்து விழும் பாட்டில்கூட ஒரு விண்வெளி ஆய்வகம்தான்... கல்லூரி மாணவர்கள் 'மைக்ரோகிராவிட்டி' சோதனை செய்வது எப்படி?

புன்னக்காயலில் இருந்து குலசேகரப்பட்டினம் நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அடுத்து இஸ்ரோ அமைக்கும் ஏவுதளத்துக்கு அங்கேதான் 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல், நேராகத் தெற்கே பாய முடியும் என்பதுதான் காரணம். இதெல்லாம் நீங்கள் செய்தியில் பார்த்ததுதான்.

நம்ம கேள்வி வேற. ராக்கெட் கிளம்பும்போது தாமிரபரணிக் கரையில் பி.எஸ்சி., பி.இ. படிக்கிற பசங்களுக்கு அதில் என்ன பங்கு? கடற்கரையில் நின்று செல்போனில் வீடியோ எடுப்பது மட்டும்தானா? அதற்கு மேலும் வழி இருக்கிறது. அந்த வழியின் பெயர் மைக்ரோகிராவிட்டி, தமிழில் நுண்ணீர்ப்பு.

விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லையா?

இருக்கு. இங்கேதான் நிறைய பேர் குழம்புவார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், தரையில் இருக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. அப்புறம் ஏன் வீரர்கள் மிதக்கிறார்கள்? அவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அதனால்தான். மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால், விழ விழ பூமியும் வளைந்துகொண்டே போகிறது. தரை வந்து சேர்வதே இல்லை. நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவரும் அதே வேகத்தில் விழுகிறார். தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லாததால் எடை தெரிவதில்லை.

புன்னக்காயல் மீனவர்களுக்கு இதைப் புதுசாகச் சொல்ல வேண்டாம். அலையின் உச்சிக்கு ஏறிய வள்ளம் சட்டென்று கீழே இறங்கும்போது வயிறு மேலே தூக்குமே, அந்த ஒரு நொடியின் உணர்வுதான் இது. விண்வெளி வீரருக்கு அது மாதக்கணக்கில் நீடிக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வையுங்கள். தண்ணீர் பீய்ச்சும். இப்போது பாட்டிலைக் கைவிடுங்கள். விழும் நேரம் முழுக்க தண்ணீர் வெளியே வராது! பாட்டிலும் தண்ணீரும் ஒன்றாக விழுவதால், தண்ணீரின் எடை ஓட்டையை அழுத்துவதில்லை. அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்?

எல்லாமே விழும் உயரத்தைப் பொறுத்தது. 3 மீட்டர் உயரத்தில் இருந்து ஒரு பெட்டியை விட்டால் முக்கால் நொடி கிடைக்கும். சென்னை ஐஐடியின் தேசிய எரிதல் ஆய்வு மையத்தில் 2.5 நொடி தரும் கோபுரம் இருக்கிறது. ஜெர்மனியின் பிரெமன் நகர கோபுரத்தில் 110 மீட்டர் விழுந்தால் 4.7 நொடி. மேலே ஏறி வளைந்து இறங்கும் விமானத்தில் ஒவ்வொரு முறையும் 20 நொடிக்கு மேல் கிடைக்கும். அதில் பறப்பவர்களுக்குக் குமட்டுவதால் 'வாந்தி விமானம்' என்று செல்லப்பெயர் வேறு!

2.5 நொடியில் என்ன தெரிந்துவிடும் என்று நினைக்கலாம். மெழுகுவர்த்திச் சுடர் தரையில் மஞ்சளாக, நீளமாக எரியும். சூடான காற்று மேலே போவதால்தான் அந்த வடிவம். எடையில்லாத நிலையில் சூடான காற்றுக்கு 'மேலே' என்ற திசையே கிடையாது. சுடர் உருண்டையாகி, நீல நிறமாக மங்கிவிடும். விண்கலத்துக்குள் தீப்பிடித்தால் அது எப்படிப் பரவும், எப்படி அணைப்பது என்பது இந்தச் சில நொடிகளில் தொடங்கும் ஆராய்ச்சி. ககன்யானில் மனிதர்களை அனுப்பத் தயாராகும் நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

மாணவர்களின் கருவி விண்வெளிக்குப் போயிருக்கிறதா?

போயிருக்கிறது, தமிழ்நாட்டில் இருந்தே. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் குழுவினர் செய்த 64 கிராம் 'கலாம்சாட்', 2017 ஜூன் 22-ம் தேதி நாசாவின் சிறிய ராக்கெட்டில் பறந்தது. முப்பரிமாண அச்சில் செய்த அதன் கூடு பறப்பைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். அடுத்து 1.26 கிலோ எடையில் 'கலாம்சாட் வி2', 2019 ஜனவரி 24-ம் தேதி பிஎஸ்எல்வி-சி44 ராக்கெட்டில் சென்றது.

அந்த ராக்கெட்டில்தான் ஒரு நல்ல யோசனையும் சோதித்துப் பார்க்கப்பட்டது. செயற்கைக்கோளை இறக்கிவிட்ட பிறகு பிஎஸ்எல்வியின் நான்காம் நிலை வெறும் குப்பையாகச் சுற்றும். அதையே ஆய்வு மேடையாக்கினால்? இன்று அதற்கு சோலார் தகடு, திசை கட்டுப்பாடு எல்லாம் சேர்த்து 'போயம்' என்று பெயர் வைத்திருக்கிறது இஸ்ரோ.

2024 டிசம்பர் 30-ம் தேதி கிளம்பிய போயம்-4 மேடையில் 24 கருவிகள் இருந்தன. அதில் 10, அரசு சாராத நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் செய்தவை. இஸ்ரோ அனுப்பிய 8 காராமணி விதைகள், நம்ம பக்கம் தட்டப்பயறு, நான்கே நாளில் முளைத்த படம் ஊரெல்லாம் வைரலானது. அதே மேடையில் போன இன்னொன்றை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. பெங்களூரு ஆர்.வி. பொறியியல் கல்லூரி மாணவர்கள் செய்த 'ஆர்விசாட்-1' அது. மனிதக் குடலில் வாழும் ஒரு பாக்டீரியா விண்வெளியில் எப்படி வளர்கிறது என்று அளப்பதற்கான கருவி. மாதக்கணக்கில் விண்வெளியில் இருப்பவரின் செரிமானமும் உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. இளநிலை படிப்பவர்கள் யோசித்த கேள்வி என்பதால்தான் இதை இங்கே சொல்கிறோம்.

கல்லூரிகள் இதற்கு இன்ஸ்பேஸ் அமைப்பின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் தனியாகப் போக முடியாது, கல்லூரி கூட நிற்கணும். உண்மையான சிக்கலே இங்கேதான். கருவி அதிர்வைத் தாங்குமா, வெற்றிடத்தைத் தாங்குமா என்று சோதிக்க ஆய்வகமும் பணமும் வேண்டும். பெருநகரக் கல்லூரிக்கு அது எளிது. மாவட்டத்துக் கல்லூரிக்கு அப்படியில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

நாசா பல ஆண்டுகள் இளநிலை மாணவர்களுக்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. சோதனையை அவர்களே யோசித்து, கருவி செய்து, அந்த வாந்தி விமானத்தில் அவர்களே பறந்தார்கள். விண்ணப்பத்தில் இன்னொன்றும் கேட்கப்பட்டது. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்ற திட்டம். அறிவியல் பரப்பல் அங்கே ஓய்வு நேர வேலை இல்லை, சோதனையில் ஒரு பகுதி.

நம்மூரில் விண்வெளி விழிப்புணர்வு என்றால் பெரும்பாலும் மாதிரி ராக்கெட் பக்கத்தில் நின்று செல்ஃபி, அப்புறம் விநாடி வினா, சான்றிதழ். தப்பில்லை. ஆனால் குழந்தை கையால் எதையும் செய்து பார்ப்பதில்லையே!

திருநெல்வேலி, தூத்துக்குடி கல்லூரி இயற்பியல் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு குட்டி விழுகோபுரம் செய்துவிடலாம். கண்ணாடி வைத்த மூடிய பெட்டி, உள்ளே ஓட்டை போட்ட பாட்டில், ஒரு விளக்கு, ஒரு செல்போன். 3 மீட்டர் உயரம் போதும். கீழே மெத்தைக்குப் பதில் பழைய மீன்வலைக் குவியல், புன்னக்காயலில் அதற்கா பஞ்சம்? நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் வைத்தால், முக்கால் நொடியில் 180 படங்களுக்கு மேல் கிடைக்கும். தண்ணீர் நிற்பதைப் பிள்ளைகளே படம் படமாக எண்ணிப் பார்க்கலாம். சுடர் சோதனை மட்டும் ஆசிரியர் இல்லாமல் வேண்டாம்.

காட்ட இடமும் இருக்கிறது. கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். ஆண்டுதோறும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். மகேந்திரகிரி வளாகம் அப்போது தென்மாவட்ட மாணவர்களுக்கு நிகழ்ச்சிகள் நடத்துவது வழக்கம். கல்லூரி திறந்ததும் பெட்டி வேலையை ஆரம்பித்தால் அதற்குள் தயாராகிவிடும்.