வடுவூர் ஏரியில் முகாமிடும் விருந்தாளிகள்



ஏரிக்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில், சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் வடுவூர் ஏரியில் முகாமிடும் உரிமை பறவைகளுக்குத்தான்.

திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தப் பாசன ஏரி, மேட்டூர் அணை திறந்து காவிரித் தண்ணீர் வரும்போது நிரம்பும். கோடையில் வறண்டு கிடக்கும். மழைக்காலத்தில் தண்ணீரும் மீனும் நத்தையும் பெருகியதும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் வந்து இறங்கும். வடக்கே உள்ள குளிர்நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்துகளும் வரும். சுற்றியுள்ள நெல்வயல்களிலும் அவற்றுக்கு இரை உண்டு.

சுமார் 128 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் தங்கக் கூடாது. காரணம் இருக்கிறது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் மிரண்டு தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால், முட்டையும் குஞ்சும் காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகிவிடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதிகாலையிலோ மாலையிலோ போங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கரையில் நின்று அமைதியாகப் பாருங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பையை மறக்காமல் வீட்டுக்கே திருப்பி எடுத்து வாருங்கள்.