லூனாஸ் குட்டைகளும் அவற்றின் மீன்களும்

கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த லூனாஸ் வட்டாரத்தில், ரப்பர் செம்பனைக்கும், செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட்டு வரும் இந்நாளிலும், தூண்டிற்காரர்கள் விடுமுறைதோறும் தேடிச் செல்லும் சிறு குட்டைகள் ஆங்காங்கே எஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கல்வெட்டு ஏதுமில்லை. ஆயினும், அவற்றில் அகப்படும் மீன்களை இனம் பிரித்தறிய வல்லவருக்கு இப்பிரதேசத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதி விளங்கிவிடும்.

மலாயாவில் இத்தகைய குட்டைகளிற் பல, மனிதர் தொழிலின் பொருட்டு உண்டானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூலிம் பக்கம் ஈயம் தேடி வந்த சீனர்கள் மண்ணைத் தோண்டிக் கழுவினார்கள். அவ்வாறு தோண்டிய பள்ளங்கள் மழைநீர் நிரம்பினால் ஈயக்குட்டைகளாகிவிடும். பின்னர் ரப்பர் தோட்டங்கள் தோன்றின. மங்கில் சேர்ந்த கித்தாப்பாலில் நீர் கலந்து, பார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையிலிட்டுத் தகடாக்கும் தொழிற்சாலைக்கு வற்றாத நீர் அவசியமாதலால், ஓடையை மறித்துத் தேக்குவதும் தோட்டங்களில் நிகழ்ந்தது. கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கி மீன் பிடிக்கும் சீமையிலிருந்து கங்காணிமாருடன் தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்கு, லயத்துக்கருகே மீனுள்ள நீர்நிலை ஒன்று வாய்த்தது பெரும் அனுகூலமே.

இக்குட்டைகளின் பூர்வகுடிகள் விரால், தேளி, பனையேறிக் கெண்டை, செப்பாட் முதலியன. இலைகுழைகள் அழுகிப் பிராணவாயு குறைந்த நீரில் செவுளை மட்டுமே நம்பிய மீன் மூச்சுத்திணறி மடியும். இவையோ, தலையினுள் அமைந்த விசேஷ உறுப்பின் துணையால் மேற்பரப்புக்கு வந்து வெளிக்காற்றை உட்கொண்டு பிழைக்கின்றன. பனையேறிக் கெண்டையைப் பிடிக்க முசுற்றெறும்பின் முட்டையைத் தூண்டிலில் கோப்பது மலேசியத் தூண்டிற்காரர் கைக்கொள்ளும் உபாயம்.

திலாப்பியா இடையில் வந்த விருந்தாளி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அம்மீன் 1939-இல் ஜாவாவில் காணப்பட்டு, இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானியரால் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதாலும், வெகு இளமையிலேயே இனம் பெருக்குவதாலும், சிறு குட்டை விரைவில் நிறைந்து, மீன்கள் வளர்ச்சியின்றிக் குறுகிவிடும். இக்குறைக்குப் பரிகாரமாக, 1957-இல் மலாக்காவின் பத்து பெரெண்டாமில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தில் ஹிக்லிங் என்னும் விஞ்ஞானி இருவகைத் திலாப்பியாக்களைக் கலந்து, ஆண் குஞ்சுகள் மட்டுமே பிறக்கச் செய்தார்.

முற்காலத்தில் மீன் பிடிக்கத் தூபா என்னும் கொடியின் வேரை இடித்துச் சாற்றை நீரில் கலப்பதும் உண்டு. அதிலுள்ள ரோட்டினோன் மீனின் உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தவொட்டாமல் தடுப்பதால், பெரியதும் சிறியதும் ஒருங்கே மிதக்கும். விஷம், வெடி, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதை 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. எனினும், தூண்டிலும் சில சமயம் அதே நாசத்தைச் சிறு அளவில் விளைவிக்கக்கூடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மேலெழும் இடத்தில் காவலிருக்கும் விரால், தூண்டில் தவளையைப் பசியால் கவ்வுவதில்லை. பகையென்று கருதியே பாய்கிறது. அதனைப் பிடித்துவிட்டால் காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகுமாதலால், குஞ்சு மிதக்குமிடத்தில் தூண்டில் போடாதிருப்பதே வருங்காலத்திலும் விரால் வேண்டுவோர் கடைப்பிடிக்கத்தக்க முறையாகும்.