கவனக் குறைபாடும் கொழுப்பு அமிலத் துணையுணவும்: சான்றுகளின் வழி ஒரு மதிப்பீடு

முன்னுரை

கவனக் குறைபாடும் மிகை இயக்கமும் கொண்ட குழந்தைக்கு மீன் எண்ணெய்க் குளிகை பயன் தருமா என்னும் வினா மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. சிறு வருவாயில் வாழும் குடும்பம் எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. தோல் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்த வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர் போன்ற ஊர்களை மனத்திற்கொண்டு, கிடைத்துள்ள சான்றுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

சிக்கலின் அளவு

கோயம்புத்தூரில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வு, 11.32 விழுக்காட்டினரிடம் இக்குறைபாட்டைக் கண்டது. 40 பேர் கொண்ட வகுப்பில் இது நான்கைந்து குழந்தைகளுக்குச் சமம்.

கருதுகோளின் அடிப்படை

மூளை உயிரணுச் சவ்வுகளில் டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் மிகுந்துள்ளது. இக்குறைபாடுடைய குழந்தைகளின் குருதியில் ஒமேகா-3 சராசரியாகக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அக்குறைவு நோயின் காரணமா, உடன்நிகழ்வா என்பதே வினா. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஒமேகா-6 உண்டு. ஒமேகா-3 ஏறத்தாழ இல்லை. ஆளிவிதையில் உள்ள ஒமேகா-3, உடலில் டி.எச்.ஏ.வாக மாறுவது மிகச் சிறு பங்கே.

ஆய்வுச் சான்றுகள்

புனேயில் இக்குறைபாடுடைய 30 குழந்தைகளுக்கு ஆளிவிதை எண்ணெயும் வைட்டமின் சி-யும் மூன்று மாதம் கொடுக்கப்பட்டன. முன்னேற்றம் கண்டதாக 2006இல் அவ்வாய்வு அறிவித்தது. எனினும், போலி மருந்து பெற்ற ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. இரு பொருள்களும் சேர்த்தே தரப்பட்டமையால் எதன் விளைவு எது எனப் பிரித்தறியவும் இயலாது.

10 சோதனைகளையும் 699 குழந்தைகளையும் தொகுத்து நோக்கிய 2011ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு சிறிய பயனைக் கண்டது. வழக்கமான மருந்துகளின் பயனைவிட அது மிகக் குறைவு. 37 சோதனைகளை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வோ, பெற்றோர் மதிப்பிட்ட கவனக் குறைவில் துணையுணவுக்கும் போலி மருந்துக்கும் வேறுபாடில்லை என்பதை உயர்ந்த உறுதிப்பாட்டுடன் கூறியது. சிலருக்கு முன்னேற்றம் நேரலாம் என்பதற்கு உறுதி குறைந்த சான்றே அதில் உண்டு.

கருதத்தக்க பிற காரணிகள்

சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, குருதியில் ஈயம் மிகுந்தவர்களிடம் கவனக் குறைபாட்டு மதிப்பெண் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அவர்களின் சராசரி ஈய அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம், அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021இல் வகுத்த குறிப்பளவு 3.5. இரும்புச்சத்துக் குறைவும் கவனத்தைப் பாதிக்கக்கூடியது. இவ்விரண்டையும் குருதிச் சோதனையால் கண்டறியலாம். எண்ணெய்க் குளிகை இவற்றைத் தீர்ப்பதில்லை.

முடிவுரை

மீன் உணவு நன்று. குளிகையோ சிகிச்சைக்கு மாற்றாகாது. 2013இல் தொடங்கப்பெற்ற ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் சிறார் நலத் திட்டம், இக்குறைபாட்டையும் தன் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்துள்ளது. அதன் மாவட்ட இடையீட்டு மையங்களில் சேவை இலவசம். குளிகைக்குச் செலவிடும் மாதங்களில் நோயறிதல் தள்ளிப்போகுமாயின், இழப்பு பணம் மட்டுமன்று. குழந்தை கற்க வேண்டிய காலமும் ஆகும்.