பழைய பாடல்களைப் பகிரும் நண்பர்கள்: பாட்டு கிடைக்கிறது, நினைவு தங்குகிறதா?

புதுடெல்லி:

பள்ளியிலும் கல்லூரியிலும் உடன் படித்தவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் அல்லது முகநூல் குழுக்களில் ஒன்றுசேரும்போது, நலவிசாரிப்புக்கு அடுத்தபடியாகக் கைமாறுபவை பெரும்பாலும் பழைய பாடல்களே. ஒருவர் ஒரு பாடலை அனுப்புகிறார். மற்றொருவர் அதைத் தாம் முதன்முதலில் கேட்ட வீட்டையும், அங்கிருந்த வானொலிப் பெட்டியையும் நினைவுகூர்கிறார். மூன்றாமவர் பாடியவர் யார் என்று திருத்தம் சொல்கிறார்.

வெறும் பொழுதுபோக்காகத் தோன்றும் இந்தப் பழக்கம், ஒரு தலைமுறையின் இசை வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. பாடல்கள் இன்று கைப்பேசியில் எளிதாகக் கிடைத்துவிடுகின்றன. ஆனால், அவற்றைப் பற்றிய சரியான தகவல்களும், அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களின் நினைவுகளும் முறையாகப் பதிவாவதில்லை.

புசா ரோடும் தமிழ்க் குடும்பங்களும்

டெல்லியின் கரோல் பாக் பகுதியையொட்டிச் செல்லும் புசா ரோடு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பீகார் மாநிலத்தின் புசா என்னும் ஊரில் இயங்கிவந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும் சேதமடைந்ததை அடுத்து, 1936-ல் டெல்லிக்கு மாற்றப்பட்டது. நிறுவனத்துடன் அந்த ஊரின் பெயரும் தலைநகருக்கு வந்து சேர்ந்தது.

அரசுப் பணி நிமித்தமாகத் தெற்கிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் கரோல் பாக் சுற்றுவட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்துள்ளன. தென்னிந்தியக் குழந்தைகளின் கல்விக்காக 1923-ல் தொடங்கப்பட்ட அமைப்பே இன்றைய டெல்லி தமிழ்க் கல்விக் கழகம். அக்கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று புசா ரோட்டில் அமைந்துள்ளது.

இத்தகைய சூழலில் வளர்ந்தவர்களின் இசை நினைவு இருமொழிகளில் அமைந்தது. வீட்டுக்குள் தமிழ்ப் பாடலும் கர்நாடக இசையும் ஒலித்தன. தெருவிலும் கடைவீதியிலும் இந்தித் திரைப்பாடல்கள் ஒலித்தன. பணியிட மாற்றத்தாலும் மேற்படிப்பாலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பிரிந்து செல்வது இக்குடும்பங்களில் இயல்பு. சொந்த ஊர்த் திருவிழாவிலோ உறவினர் திருமணத்திலோ மீண்டும் சந்திக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவு. ஆகவே, இணையக் குழுவே அவர்கள் கூடும் இடமாகிறது.

வானொலி வகுத்த ரசனை

இந்தத் தலைமுறையின் ரசனையை உருவாக்கியதில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் செவ்விசைக்கு முதன்மை தந்து, திரைப்பாடல்களுக்கான இடத்தை வெகுவாகக் குறைத்தார். திரைப்பாடல்களை விரும்பிய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். கொழும்பிலிருந்து ஒலிபரப்பான தமிழ், இந்தி நிகழ்ச்சிகள் இந்தியாவிலும் பெரும் செல்வாக்குப் பெற்றன. இழந்த நேயர்களை மீட்கும் நோக்கில், 1957 அக்டோபர் 3 அன்று 'விவித பாரதி' சேவை தொடங்கப்பட்டது.

அதே காலத்தில், தமிழ்நாட்டு வீடுகளுக்கு டெல்லி என்பது ஒரு குரலாகவும் இருந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியை டெல்லி வானொலியிலிருந்து தமிழில் வாசித்தவர், பின்னர் நாடக, திரைப்பட நடிகராகப் புகழ்பெற்ற பூர்ணம் விஸ்வநாதன். அவருக்குப் பின் வந்த செய்தி வாசிப்பாளர்களில் சரோஜ் நாராயணசுவாமியின் குரல் தனித்த அடையாளம் பெற்றது. அவர் 2022 ஆகஸ்ட் 13 அன்று காலமானபோது, அவரது செய்தி அறிமுகத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் சமூக வலைத்தளங்களில் தங்கள் நினைவுகளைப் பகிர்ந்துகொண்டனர். செய்தி வாசிப்பவரின் குரலும் பாடலைப் போலவே ஒரு காலத்தின் ஒலியாக மனத்தில் தங்கும் என்பதற்கு அது சான்று.

அடுத்து வந்தது ஒலிநாடாக் காலம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், 1980-களில் இந்தியாவின் இசைச் சந்தையையே மாற்றியது. டெல்லியில் தோன்றிய டி-சீரிஸ் நிறுவனத்தின் மலிவு விலைக் கேசட்டுகள் அந்த மாற்றத்தை முன்னெடுத்தன. தமிழ்நாட்டிலோ, விரும்பிய பாடல்களின் பட்டியலைக் கடையில் கொடுத்து, 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிவு செய்து வாங்குவது பரவலான வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு கேசட்டும் ஒருவரது தனிப்பட்ட தேர்வு. இன்று நண்பர்கள் குழுவில் பகிரப்படும் பாடல் வரிசை அதன் தொடர்ச்சியே.

இளமைக்காலப் பாடல் மறக்காதது ஏன்?

இளமையில் கேட்ட பாடல்கள் முதுமையிலும் தெளிவாக நினைவில் நிற்பதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான காலத்தின் நிகழ்வுகள், வாழ்வின் பிற காலத்து நிகழ்வுகளைவிட அதிகமாக நினைவில் தங்குகின்றன. முதல் நட்பு, முதல் வேலை, வீட்டைவிட்டுப் பிரிதல் போன்ற முதல் அனுபவங்கள் பலவும் இந்த வயதில்தான் நேர்கின்றன. அவற்றோடு சேர்ந்து ஒலித்த பாடலும் உடன் பதிகிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் கரோல் க்ரம்ஹான்சலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, மேலும் ஒரு செய்தியைக் காட்டியது. சராசரியாக 20 வயதுடைய 62 பேருக்கு, 1955 முதல் 2009 வரை புகழ்பெற்ற பாடல்களின் பகுதிகள் ஒலிக்கவிடப்பட்டன. அவர்கள் தங்கள் காலப் பாடல்களுடன், தங்கள் பெற்றோரின் இளமைக்காலத்தில் வெளியான பாடல்களையும் அடையாளம் கண்டு விரும்பினர். வீட்டில் பெரியவர்கள் கேட்ட இசை அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படுகிறது என்பதே இதன் பொருள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாதா 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பாடல் தனிப்பட்ட நினைவைக் கிளறும்போது மூளையின் முன்பகுதியில் நடுப்புறம் உள்ள ஒரு பகுதி செயல்படுவது கண்டறியப்பட்டது. அல்சைமர் நோயில் ஒப்பீட்டளவில் தாமதமாகவே சிதையும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. பிற நினைவுகள் மங்கிய பிறகும் சிலர் பழைய பாடலுக்கு முகம் மலர்வதை விளங்கிக்கொள்ள இது உதவுகிறது.

பெயர்கள் பிழையாகும் ஆபத்து

பகிரப்படும் பாடல்களுடன் வரும் தகவல்கள் எப்போதும் சரியானவை அல்ல. படத்தின் பெயர், பாடலாசிரியர், பாடகர் ஆகியவை மாறிப் பரவுவது இயல்பாகிவிட்டது. ஒருமுறை பிழையாக அனுப்பப்பட்ட குறிப்பு, அடுத்தடுத்த குழுக்களுக்கு அப்படியே செல்கிறது.

இந்தச் சிக்கல் இணையத்துக்கு முந்தையது. 1949-ல் வெளியான 'மஹல்' இந்தித் திரைப்படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆனால், அதன் இசைத்தட்டில் பாடியவராக அச்சிடப்பட்டது 'காமினி' என்னும் கதாபாத்திரத்தின் பெயர். வானொலி நேயர்கள் பாடியவர் யாரென்று தொடர்ந்து கேட்ட பிறகே உண்மையான பெயர் அறிவிக்கப்பட்டது. தமிழில், 1945-ல் வெளியான 'ஸ்ரீவள்ளி' படத்தில் கதாநாயகி குமாரி ருக்மிணிக்காகப் பாடியவர் பி.ஏ.பெரியநாயகி. திரையில் தோன்றிய முகமும் கேட்ட குரலும் வேறு வேறு என்பது பின்னணிப் பாடலின் தொடக்கக் காலத்தில் பலருக்குத் தெரியாது.

ஆகவே, குழுவில் ஒருவர் சொல்லும் திருத்தம் சிறிய செய்தி அல்ல. அச்சிட்ட ஆவணத்திலேயே இல்லாத உண்மை சில வேளைகளில் நேயரின் நினைவில் இருக்கக்கூடும். அதேபோல் நினைவும் பிழைபடும் என்பதால், இசைத்தட்டு, திரைப்படத்தின் பெயர்ப் பட்டியல், அந்நாளில் திரையரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகம் ஆகியவற்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாத்து வருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதரின் சேகரிப்பிலிருந்து உருவானது அந்நூலகம்.

அழிந்துவரும் மூலப் பதிவுகள்

பழைய திரை இசையில் ஏற்கனவே பெரும் இழப்பு நேர்ந்துள்ளது. 1931-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். நீண்ட பாடல்கள் அதற்கேற்பக் குறைக்கப்பட்டன அல்லது இரு பக்கங்களில் பிரிக்கப்பட்டன. இசைத்தட்டு மட்டுமே எஞ்சிய பாடல்கள் சிலவற்றின் முழு வடிவம் கிடைக்காமல் போக இதுவும் காரணம்.

வீடுகளில் உள்ள கேசட்டுகளின் நிலை இன்னும் நெருக்கடியானது. காந்த நாடாக்களை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் உதிரிபாகங்களும் அருகிவருவதால், 2025-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்துக்குள் அவற்றிலுள்ள ஒலிகளை டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று யுனெஸ்கோ 2019-ல் எச்சரித்தது. திரைப்பாடல் கேசட் அழிந்தால் அதே பாடல் வேறிடத்தில் கிடைக்கும். வீட்டில் பாட்டி பாடியதையோ, கோயில் கச்சேரியையோ, வானொலி நிகழ்ச்சியையோ பதிவு செய்த கேசட்டுக்கு வேறு பிரதி இருக்க வாய்ப்பில்லை.

இத்துறையில் ஆர்வலர்களின் பணி குறிப்பிடத்தக்கது. மும்பையிலுள்ள இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன், 'யங் இந்தியா' நிறுவனத்தின் பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டல் வடிவில் மாற்றியுள்ளனர். தனிநபர்களின் சேகரிப்புகளே இம்முயற்சிக்கு அடிப்படை.

சட்டம் சொல்வது என்ன?

பழைய பாடல் என்பதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும். எடுத்துக்காட்டாக, 1960-ல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது.

ஆனால், பாடல் வரிகளுக்கும் இசையமைப்புக்கும் தனித்தனி உரிமை உண்டு. அது படைப்பாளியின் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் ஆகும். கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். ஆகவே அவரது வரிகளுக்கான உரிமை 2041 இறுதி வரை உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-ல் மறைந்ததால், அவரது இசையமைப்புக்கான உரிமை 2075 வரை நீளும். இசைத்தட்டின் உரிமை முடிந்த பிறகும் பாடலை முழுமையாகப் பொதுவெளியில் வெளியிட முடியாமைக்கு இதுவே காரணம்.

தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்குமான நியாயமான பயன்பாட்டைச் சட்டம் அனுமதிக்கிறது. எனினும், பாடலைப் பொதுமக்கள் அனைவரும் கேட்கும்படி பதிவேற்றுவது அதனுள் அடங்காது. உரிமம் பெற்ற தளத்தின் இணைப்பை அனுப்பி, அதனுடன் தமது நினைவை எழுதுவது பாதுகாப்பான வழி. அந்த நினைவு எழுதியவருக்கே சொந்தம்.

நண்பர்கள் செய்யக்கூடியவை

குழுவில் ஒரு பாடலைப் பகிரும்போது படம், ஆண்டு, பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் ஆகிய ஐந்து தகவல்களைச் சேர்ப்பது முதற்படி. தெரியாததை ஊகித்து எழுதாமல் கேள்வியாக விடுவது நல்லது. எந்த ஊரில், எந்த ஆண்டில், வானொலியிலா கேசட்டிலா கேட்டது என்பதையும் ஓரிரு வரிகளில் குறிப்பிடலாம். புசா ரோட்டில் 1970-களில் ஒரு தமிழ்ச் சிறுவன் என்ன கேட்டான் என்பதை எந்த இசை நிறுவனத்தின் பட்டியலும் சொல்லாது.

வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்து, பெயரும் தேதியும் இட்டு வைக்கலாம். குழு உரையாடல் நிலையான ஆவணம் அல்ல என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். கைப்பேசி மாறும்போதும், இடப்பற்றாக்குறையால் கோப்புகளை நீக்கும்போதும் அது மறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்து சேமிக்கும் வசதி உள்ளது. ஒருவர் அதை ஆண்டுக்கு ஒருமுறை செய்து, இரு வேறு இடங்களில் வைத்திருந்தாலே போதும்.

டிஜிட்டல் வடிவுக்கு மாற்றிய பிறகும் மூலக் கேசட்டையும் இசைத்தட்டையும் எறிந்துவிடக் கூடாது. அவற்றின் உறையில் எழுதப்பட்ட கையெழுத்தும், தட்டின் மேலுள்ள எண்ணும் பிற்கால ஆய்வுக்குச் சான்றாகும்.

வானொலியுடன் வளர்ந்த தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. அவர்கள் கேட்ட பாடல்கள் அவர்களுக்குப் பின்னும் ஒலிக்கும். அவற்றை எங்கே, யாருடன், எப்படிக் கேட்டார்கள் என்பதை அவர்கள் இப்போது சொன்னால் மட்டுமே பின்னர் அறிய முடியும்.